30 பேருக்கு ஆம்பூர் பிரியாணி: வீட்டிலேயே போடலாமா, பக்கெட் சொல்லிடலாமா?

மலைக்கோடி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். வேலூர் சத்துவாச்சாரியில் வீட்டு விசேஷம். மதியச் சாப்பாட்டுக்கு 30 பேர். பாதிப் பேர் கோயம்புத்தூர், திண்டுக்கல் பக்கத்துச் சொந்தக்காரங்க, "உங்க ஊர்ச் சாப்பாடுதான் வேணும்"னு சொல்லிட்டாங்க. அதனால் ஆம்பூர் பிரியாணி, கத்திரிக்காய், தயிர்ப் பச்சடி, இனிப்புக்கு ஆற்காட்டு மக்கன் பேடா என்று யோசனை. கேட்க வேண்டியது இவ்வளவுதான்:

பிரியாணியை ஆம்பூரிலிருந்து பக்கெட்டாக வரவழைப்பதா, வீட்டில் போடுவதா? வீட்டில் ஒரு கிலோ போட்டாலே சீரக சம்பா உடைந்து குழைகிறது. நிறமும் கடையில் வருவது மாதிரி வராமல் மங்கிய பழுப்பாகிவிடுகிறது. மூன்று கிலோவுக்குச் சரியான அளவும் பக்குவமும் தெரிந்தவர்கள் சொல்லுங்க.

கத்திரிக்காய்க்கு முள்ளு கத்திரிக்காய்தான் வேணுமா, எந்தக் காயும் ஆகுமா?

மக்கன் பேடா வீட்டில் வருமா?

வருகிறவர்களில் ஒரு குடும்பம் சிஎம்சி ஆஸ்பத்திரியில் வைத்தியத்துக்காக நாலு நாள் கூடுதலாகத் தங்குகிறது. பெரியவருக்குக் காரம் ஆகாது. அவர்களுக்குப் பக்கத்தில் எங்கே சாப்பாடு சொல்வது?


தேக்சா எழுதியது:

பிரியாணிக்கு மட்டும் நான் சொல்றேன் அக்கா, மத்ததை மத்தவங்க சொல்லட்டும்.

பக்கெட்டா வீடா என்றால், 30 பேருக்கு வீடே நல்லது. ஆம்பூரிலிருந்து வேலூருக்கு 50 கிலோமீட்டர் சொச்சம், ஒரு மணி நேரம். மூடின பக்கெட்டில் ஆவி உள்ளேயே சுற்றிக்கொண்டு அரிசி வெந்துகொண்டே வரும். கடையில் பொலபொலவென்று இருந்தது வீட்டுக்கு வரும்போது கட்டியாகிவிடும். வாங்கியே தீரணும் என்றால் கடையில் சொல்லி அரிசியை ஒரு பதம் முன்னாடியே வடிக்கச் சொல்லுங்க, மூடியை ஒரு விரல் திறந்து வைத்துக் கொண்டுவாங்க.

இப்போ வீட்டு வழி. முதலில் ஒன்று மனதில் வைக்கணும்: ஆம்பூர் பிரியாணி மசாலா பிரியாணி இல்லை. பட்டை, கிராம்பு, ஏலக்காய், அவ்வளவுதான். சோம்பு, மிளகு, மல்லித்தூள், கரம் மசாலா, கடையில் விற்கும் பிரியாணித் தூள் எதுவும் கிடையாது. மிளகாய்த்தூளும் கிடையாது. காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுதுதான் நிறமும் காரமும் தருவது. உங்களுக்குப் பழுப்பு நிறம் வருவதற்கு அனேகமாக மிளகாய்த்தூளும் கரம் மசாலாவும்தான் காரணம். தூள் சூடான எண்ணெயில் விழுந்ததும் தீய்ந்து கருக்கும், விழுது ஈரத்தோடு இருப்பதால் நிதானமாக வதங்கும். வெங்காயத்தைக் கருஞ்சிவப்பாக வறுத்தாலும் இதே பழுப்புதான்.

மூன்று கிலோவுக்கு அளவு: சீரக சம்பா 3 கிலோ, கறியும் 3 கிலோ. அரிசியும் கறியும் சரிக்குச் சரி என்பதுதான் இந்த ஊர்க் கணக்கு, கறியைக் குறைத்தால் ருசி குஸ்கா பக்கம் போய்விடும். பெரிய வெங்காயம் ஒன்றரை கிலோ, தக்காளி 1 கிலோ, உரித்த பூண்டு 300 கிராம், இஞ்சி 225 கிராம், காய்ந்த நீட்டு மிளகாய் 80 கிராம், புளிக்காத தயிர் அரை லிட்டர், புதினா 2 கட்டு, கொத்தமல்லி 2 கட்டு, எலுமிச்சம்பழம் 2, கடலை எண்ணெய் அரை லிட்டர், நெய் 150 மில்லி. பட்டை 10 கிராம், ஏலக்காய் 8 கிராம், கிராம்பு 6 கிராம். பாத்திரம் 20 லிட்டர் தேக்சாவுக்கு (பிரியாணி போடுகிற பெரிய அண்டா) குறையக் கூடாது. அரிசி வேகவைக்க அதே அளவில் இன்னொரு அண்டா.

கறி வெள்ளாடாக, இளசாக இருக்கட்டும். தொடையும் விலாவும் கலந்து எலும்போடு, 50 கிராம் துண்டுகளாக வெட்டச் சொல்லுங்க. சின்னதாக வெட்டினால் கலக்கும்போது நார்நாராகப் போய்விடும்.

மிளகாயின் காம்பைக் கிள்ளி, பாதி விதையை உதறிவிட்டு, வெந்நீரில் அரை மணி ஊறவைத்து வெண்ணெய் மாதிரி அரைக்கணும். திப்பி இருந்தால் அரிசியில் புள்ளி புள்ளியாக ஒட்டும். இஞ்சியையும் பூண்டையும் தனித்தனியாக அரைங்க. பூண்டு முதலில் போகணும், இஞ்சி பின்னால். இஞ்சி விழுது சீக்கிரம் அடிப்பிடிக்கும்.

எண்ணெயும் நெய்யும் காய்ந்ததும் பட்டை, கிராம்பு, ஏலக்காய். அது பொரிந்ததும் வெங்காயம், கண்ணாடி மாதிரி ஆகி லேசாகப் பொன்னிறம் காட்டினால் போதும். (பூண்டை முதலில் வதக்கிவிட்டு வெங்காயத்தை அப்புறம் போடுகிற பண்டாரிகளும், அதாவது பிரியாணிச் சமையல்காரர்களும், உண்டு. இரண்டும் சரி.) பூண்டு விழுது பச்சை வாசனை போனதும் இஞ்சி, அப்புறம் மிளகாய் விழுது. இங்கேதான் நிற்கணும். தீயைக் குறைத்து, ஓரத்தில் சிவப்பாக எண்ணெய் பிரிகிற வரை வதக்கணும், பத்து நிமிஷமாவது ஆகும். அவசரப்பட்டால் பிரியாணி முழுக்க மிளகாயின் பச்சை வாசனை நிற்கும், அப்புறம் எத்தனை நேரம் தம் போட்டாலும் போகாது.

பிறகு கறி, உப்பு 4 மேசைக்கரண்டி. ஐந்து நிமிஷம் புரட்டி, தக்காளி, புதினா மல்லியில் முக்கால் பங்கு, கடைந்த தயிர். தயிரைத் தீ குறைத்துவிட்டுத்தான் ஊற்றணும், கொதியில் ஊற்றினால் திரியும். கறி தானே விடும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு ஒன்றரை லிட்டர் வெந்நீர் விட்டு மூடி வேகவிடுங்க, 40 முதல் 50 நிமிஷம். கறி நகத்தால் கிள்ளினால் விடணும், ஆனால் எலும்பை விட்டுக் கழலக் கூடாது. தம்மில் இன்னும் வேகும்.

அரிசி: பழைய அரிசியா என்று கேட்டு வாங்குங்க, அறுவடையாகி ஒரு வருஷமாவது ஆகியிருக்கணும். புது அரிசி எப்படிப் போட்டாலும் குழையும், உங்கள் சிக்கலில் பாதி இதுவாகத்தான் இருக்கும். இரண்டு மூன்று தண்ணீரில் மென்மையாக அலசி 20 நிமிஷம் மட்டும் ஊறட்டும். சீரக சம்பா சின்ன மணி. ஒரு மணி நேரம் ஊறினால் கரண்டி பட்டதும் உடையும். 15 லிட்டர் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது உப்புப் போட்டு (வாயில் வைத்தால் கொஞ்சம் கரிக்கணும்) அரிசியைப் போடுங்க. மறுபடி கொதி வந்ததிலிருந்து 4, 5 நிமிஷம். ஒரு மணியை எடுத்து இரண்டு விரலால் நசுக்கினால் நடுவில் வெள்ளைப் புள்ளி ஒன்று தெரியணும். அதுதான் வடிக்கிற பதம். புள்ளி மறைந்துவிட்டால் தாமதம்.

வடிப்பதிலும் ஒரு கண்ணி இருக்கு. மூன்று கிலோ அரிசி ஒரே கூடையில் குவிந்து கிடந்தால் அதன் சூட்டிலேயே வெந்துகொண்டிருக்கும். அகலமான கூடை இரண்டில் வடித்து, தண்ணீர் சொட்டு நின்றதும் உடனே மசாலாவில் சேர்த்துடுங்க. மசாலா தயாராகிக் கொதிக்கும்போதுதான் அரிசியைக் கொதியில் போடணும், முன்னாடியே வடித்துவைத்துக் கறிக்காகக் காத்திருக்கக் கூடாது.

சேர்க்கும்போது தேக்சாவில் எவ்வளவு குழம்பு நிற்கிறது என்பதுதான் மொத்தக் கணக்கும். கறியை ஒதுக்கிப் பார்த்தால் ஒன்றரை லிட்டரிலிருந்து இரண்டு லிட்டர் இருக்கணும். அதிகமாக இருந்தால் பொறுமையாக வற்றவிடுங்க, குறைவாக இருந்தால் வெந்நீர் விட்டு உப்புச் சரி பாருங்க. எலுமிச்சையைப் பிழிந்து, அரிசியைப் பரப்பி, அடியிலிருந்து இரண்டே புரட்டு. மேலே மீதிப் புதினா மல்லி. மட்டம் தட்டி, மூடி, மேலே கனம் வையுங்க.

விறகு என்றால் கீழே கொள்ளியை இழுத்துவிட்டுத் தணலை மட்டும் வைத்து, மூடி மேலேயும் ஒரு தட்டுத் தணல். காஸ் என்றால் தடித்த தோசைக்கல்லைச் சூடாக்கி அதன்மேல் தேக்சா, தீ சிறுசு. 20 நிமிஷம். அணைத்தபிறகு 15 நிமிஷம் திறக்கவே கூடாது.


பாலாற்றங்கரை எழுதியது:

தேக்சா பாய் சொன்னதில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லணும். தக்காளி, தயிர், எலுமிச்சை மூன்றும் புளிப்பு. நாட்டுத் தக்காளியாக இருந்து தயிரும் முந்தின நாளுடையதாக இருந்தால் இரண்டு பழம் அதிகம். குழம்பை ருசி பார்த்துவிட்டு அப்புறம் பிழியுங்க. பெங்களூர்த் தக்காளி என்றால் இரண்டும் வேணும்.

குக்கர் பற்றிக் கேட்பீர்கள் என்று நினைக்கிறேன். முற்றின கறி கிடைத்துவிட்டால் மசாலாவோடு சேர்த்தே குக்கரில் 3 விசில் விட்டுத் தேக்சாவுக்கு மாற்றலாம். கறியை மட்டும் தனியாகத் தண்ணீரில் வேகவைத்துக் கொட்டாதீங்க. சாறு முழுக்கத் தண்ணீருக்குப் போய், கறி சக்கையாக நிற்கும். மிளகாயும் உப்பும் உள்ளே இறங்காது.

திண்டுக்கல்காரர்கள் வருகிறார்கள் என்பதால் இதையும் சொல்லிடலாம். அங்கேயும் சீரக சம்பாதான், ஆனால் அவர்கள் மிளகு, மசாலா அரைத்துவிட்டு, அரிசியைக் குழம்பிலேயே முழுக்க வேகவைக்கிறார்கள். நம்முடையது வடித்துத் தம் போடுவது. "மசாலா கம்மியா இருக்கே" என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். அதற்காகக் கடைசி நேரத்தில் கரம் மசாலா தூவிவிடாதீங்க.


இலவம்பாடி எழுதியது:

கத்திரிக்காய் விஷயத்துக்கு வருகிறேன். முள்ளு கத்திரிக்காய்தான் வேணும். அணைக்கட்டு பக்கம் இலவம்பாடியைச் சுற்றி விளையறது. 2023-ல் வேலூர் முள்ளு கத்திரிக்காய் என்ற பெயரில் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கு. காம்பிலும், காயை மூடியிருக்கும் பச்சைத் தொப்பியிலும், செடி இலை தண்டு எல்லாவற்றிலும் முள். பறிக்கிறவங்க கை பட்டபாடு. ஆனால் சதை வெள்ளையாக, விதை குறைவாக, எண்ணெயில் வதக்கினால் கரையாமல் உருவம் நின்று உள்ளே மட்டும் இளகும். நீளக் கத்திரிக்காயும் பெரிய குண்டுக் காயும் அப்படி நிற்காது, கூழாகிவிடும்.

நேதாஜி மார்க்கெட்டில் விடிகாலையில் போனால் புதுசு கிடைக்கும். முள்ளைத் தொட்டுப் பாருங்க. புதுக் காயில் முள் விறைப்பாகக் குத்தும், தொப்பி பச்சையாகத் தோலை இறுகப் பிடித்திருக்கும். இரண்டு நாள் ஆனால் முள் துவண்டு, தொப்பி ஓரம் பழுப்பேறும். கட்டைவிரலால் அழுத்தினால் குழி உடனே எழும்பணும். தொப்பிக்குக் கீழே ஊசி துளை மாதிரி ஓட்டை இருந்தால் உள்ளே புழு. மழைக்குப் பிறகு பனிக்காலக் காய்தான் ருசி. கோடையில் தண்ணீர் போதாத செடிக் காய் கசக்கும்.

30 பேருக்கு 3 கிலோ, எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிய காயாக. காம்பை முழுக்க வெட்டாமல் முள்ளை மட்டும் சீவி, அடியிலிருந்து நாலாக முக்கால்வாசி கீறி, உப்புத் தண்ணீரில் போட்டு வையுங்க. எண்ணெயில் போடுவதற்கு முன்னாடி துணியில் ஒற்றி எடுக்கணும், இல்லாவிட்டால் வெடித்துத் தெறிக்கும்.

வேர்க்கடலை 250 கிராம், எள் 150 கிராம், இரண்டையும் தனித்தனியாக வறுங்க. எள் பொரிந்து நிறம் மாறத் தொடங்கியதும் இறக்கிடணும், சிவந்தால் கசப்பு. கொப்பரை 100 கிராம் சேர்த்துத் தண்ணீர் தெளித்து விழுதாக அரைங்க. புளி 150 கிராம் கரைத்தது. வெங்காயம் முக்கால் கிலோ, தக்காளி அரை கிலோ. மிளகாய்த்தூள் 5 மேசைக்கரண்டி, மல்லித்தூள் 5 மேசைக்கரண்டி, மஞ்சள்தூள் 2 டீஸ்பூன், வெல்லம் ஒரு நெல்லிக்காய் அளவு.

நல்லெண்ணெய் அரை லிட்டரைக் காயவைத்துக் கத்திரிக்காயைக் கொஞ்சம் கொஞ்சமாக வதக்கி, தோல் சுருங்கி நிறம் மாறினதும் எடுத்துடுங்க, முக்கால் வேக்காடு. அதே எண்ணெயில் கடுகு, வெந்தயம் அரை டீஸ்பூன், கறிவேப்பிலை, வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது 3 மேசைக்கரண்டி, தக்காளி, தூள்கள், புளித்தண்ணீர். புளி பச்சை வாசனை போகக் கொதித்தபிறகுதான் அரைத்த விழுது. விழுது விழுந்ததும் தீ சிறுசு, ஏனென்றால் கடலை அடியில் ஒட்டும். அப்புறம் கத்திரிக்காயை அடுக்கி, மூடி, எண்ணெய் மேலே மிதக்கும் வரை 15 நிமிஷம். கரண்டி போடாமல் பாத்திரத்தைப் பிடித்துக் குலுக்கணும்.

இதை முந்தின நாள் ராத்திரியே செய்து வைத்துடலாம். மறுநாள்தான் புளியும் எண்ணெயும் காய்க்குள்ளே இறங்கி ருசி சேரும். பிரியாணியில் புளி கிடையாது, இனிப்பு கிடையாது. இரண்டையும் இந்தக் கத்திரிக்காய்தான் இலைக்குக் கொண்டுவருது. அதனால் நான் கத்திரிக்காயை ஓரத்துத் தொட்டுக்கையாக நினைப்பதில்லை, பிரியாணிக்குச் சமமாக நேரம் ஒதுக்குங்க என்பேன்.

தயிர்ப் பச்சடிக்கு வெங்காயத்தை மெல்லிசாக நறுக்கி உப்புப் பிசறிப் பிழிந்து, சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் தயிரில் போட்டால் போதும். முன்னாடியே போட்டால் நீர்த்துவிடும்.


லாங்கு பஜார் எழுதியது:

சிஎம்சி-க்கு வருகிறவர்கள் விஷயம். ஆஸ்பத்திரியைச் சுற்றி ஐடா ஸ்கடர் ரோடு, காந்தி ரோடு, பாபு ராவ் தெரு இவற்றில் சாப்பாட்டுக்குப் பஞ்சமே இல்லை. வங்காளம், வடகிழக்கு, ஜார்க்கண்ட், பீகாரிலிருந்து நோயாளிகள் வந்துகொண்டே இருப்பதால் வங்காள எழுத்தில் போர்டு மாட்டின கடைகள் வரிசையாக இருக்கு. மீன் குழம்பும் சோறும், ரொட்டியும் பருப்பும் அங்கே. கடுகெண்ணெய் வாசனை நம்மவர்களுக்குப் பழக்கம் இல்லையென்றால் முதலிலேயே கேட்டுக்கொள்ளணும். தமிழ்ச் சைவச் சாப்பாட்டுக் கடைகளும் அதே தெருக்களில் இருக்கு. காரம் ஆகாத பெரியவருக்கு இட்லி, இடியாப்பம், ரசஞ்சாதம், மோர்ச் சாதம் போதும், சாம்பாரைத் தனியாகக் கேளுங்க.

நாலு நாள் என்றால் அடுப்பு வசதியுள்ள லாட்ஜ் அறை பாருங்க. பாத்திரமும் காஸ் அடுப்பும் வாடகைக்குத் தரும் இடங்கள் அங்கே நிறைய. கஞ்சி, பால், பத்தியச் சாப்பாட்டுக்கு அதுதான் நிம்மதி.

கடைப் பிரியாணி சாப்பிட்டுப் பார்க்க ஆசைப்பட்டால் ஆம்பூருக்கே போய் வரட்டும். காட்பாடியிலிருந்து ஜோலார்பேட்டை போகிற வழியில் ரயில் நிற்கும், சென்னை பெங்களூர் நெடுஞ்சாலையிலும் ஊர் மேலேயே வரும். ஸ்டார் பிரியாணி 1890-ல் இருந்து நடப்பதாகக் கடைக்காரர்கள் சொல்வது. அதைத் தவிரவும் நெடுக நல்ல கடைகள் உண்டு. போகிற நேரம் முக்கியம். மதியம் 12-லிருந்து 1-க்குள் போனால் புது தேக்சா திறக்கிற நேரம். மூன்று மணிக்குமேல் அடித் தேக்சாதான், எண்ணெயும் உப்பும் தூக்கலாக இருக்கும். ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி, மேல்விஷாரம் எல்லா ஊரிலும் மாட்டுக்கறி பிரியாணியும் அன்றாடம் உண்டு, பலருக்கு அதுதான் முதல் விருப்பம். எது வேணும் என்று ஆர்டர் சொல்லும்போதே தெளிவாகச் சொல்லிடணும்.

கடையை எடை போட எளிய வழி: தட்டில் வந்த சோற்றில் மணி முழுசாக இருக்கா, எல்லா மணியிலும் ஒரே சீராக நிறம் ஏறியிருக்கா, சாப்பிட்டு முடித்தபிறகு தட்டில் எண்ணெய் தேங்கியிருக்கா. கலர்ப்பொடி போட்டதில் சில மணி மட்டும் பளீரென்று ஆரஞ்சாக இருக்கும்.


பாலாற்றங்கரை எழுதியது:

மக்கன் பேடாவை யாரும் தொடவில்லை, நானே சொல்லிடறேன். ஆற்காடு பஸ் ஸ்டாண்டைச் சுற்றிலும் ஸ்வீட் கடைகளில் கிடைக்கும், வேலூரிலிருந்து அரை மணி, முக்கால் மணிதான். 30 பேருக்கு 35, 40 உருப்படி, முந்தின நாள் வாங்கி வைத்தால் இன்னும் நன்றாக ஊறியிருக்கும். வாங்குமுன் ஒன்றைப் பிட்டுப் பாருங்க. நடுவில் முந்திரி, பாதாம், பிஸ்தா, சாரப்பருப்பு, திராட்சை தெரியணும். பாகும் நடுவரை போயிருக்கணும். நடுவில் வெள்ளையாக மாவு நின்றால் எண்ணெய் காய்ச்சலில் அவசரமாகச் சுட்டது. குலாப் ஜாமூனைத் தட்டையாக்கி அதே பெயரில் விற்கிற கடைகளும் இருக்கு.

வீட்டில் என்றால், 20 உருப்படிக்குச் சர்க்கரை இல்லாத கோவா 250 கிராம், மைதா 100 கிராம், உருக்கின நெய் 2 மேசைக்கரண்டி, தயிர் 2 மேசைக்கரண்டி, ஆப்பசோடா இரண்டு சிட்டிகை. கோவாவை உள்ளங்கையால் தேய்த்துக் கட்டி இல்லாமல் செய்துகொண்டு, மைதாவும் சோடாவும் சலித்துப் போட்டு, நெய்யும் தயிரும் விட்டுத் தொட்டும் தொடாமலும் சேர்க்கணும். சப்பாத்தி மாவு போல அழுத்திப் பிசைந்தால் பேடா ரப்பராகிவிடும். 15 நிமிஷம் மூடி வைத்து, சின்ன எலுமிச்சை அளவு உருட்டி, குழி செய்து, பொடியாக நறுக்கிய பருப்பும் ஏலக்காய்த்தூளும் அரை டீஸ்பூன் வைத்து மூடி, லேசாகத் தட்டணும். ஓரத்தில் விரிசல் இருக்கக் கூடாது, அந்த வழியாக எண்ணெய் உள்ளே போய்ப் பருப்பு வெளியே வரும்.

எண்ணெய் வெதுவெதுப்புக்கு ஒரு படி மேலே இருக்கும்போதே போடுங்க. போட்ட பேடா அடியில் போய் உட்கார்ந்து, அரை நிமிஷம் ஒரு நிமிஷம் கழித்துத் தானே மெதுவாக எழும்பணும். போட்டவுடனே மிதந்தால் சூடு அதிகம், மேலே கறுத்து உள்ளே மாவாக நிற்கும். எழும்பினபிறகு எண்ணெயை மேலே அள்ளி அள்ளி ஊற்றிச் செம்பழுப்பாக எடுக்க ஒரு ஈடுக்குப் பத்து நிமிஷத்துக்குக் குறையாமல் ஆகும். முதலில் ஒன்றே ஒன்றைப் போட்டுப் பாருங்க. பிரிந்து போனால் மைதா ஒரு கரண்டி கூட்டணும், கல்லாக இருந்தால் தயிர் கொஞ்சம்.

பாகு: சர்க்கரை அரை கிலோ, தண்ணீர் 400 மில்லி. விரலில் தொட்டால் பிசுபிசுப்பு போதும், கம்பிப் பதம் வந்தால் பேடா குடிக்காது, மேலே சர்க்கரை பூத்துவிடும். பாகு கை பொறுக்கும் சூட்டில், பேடா எண்ணெயிலிருந்து எடுத்து இரண்டு நிமிஷம் ஆறினபிறகு. கொதிக்கிற பாகில் போட்டால் தோல் கழன்றுவிடும். நாலு மணி நேரம் ஊறணும். பிரிட்ஜில் வைக்காதீங்க, நெய் உறைந்து இறுகிவிடும்.

இவ்வளவு வேலையும் பிரியாணி போடுகிற வீட்டில் சேர்ந்து வந்தால் கஷ்டம். என் யோசனை, பேடாவை ஆற்காட்டில் வாங்கிடுங்க.


கேழ்வரகு எழுதியது:

ஊர்ச் சாப்பாடு என்று கேட்டு வருகிறவர்களுக்கு வெறும் பிரியாணியோடு அனுப்பாதீங்க. வட ஆற்காட்டு வீடுகளில் அன்றாடம் கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும்தான், வேர்க்கடலைத் துவையலும் மொச்சைக் குழம்பும் கருவாட்டுக் குழம்பும்தான். மறுநாள் காலைக்கு அதைப் போடலாம்.

களி, நாலு பேருக்கு: அரை டம்ளர் நொய்யை நாலரை டம்ளர் தண்ணீரில் குழைய வேகவைத்து, உப்புப் போட்டு, இரண்டு டம்ளர் கேழ்வரகு மாவை நடுவில் குவியலாகக் கொட்டுங்க. கலக்கக் கூடாது. துடுப்பின் காம்பால் நடுவில் ஒரு குழி குத்தி, சிறு தீயில் மூடி 7, 8 நிமிஷம் விட்டால் குழி வழியாகக் கொதி மேலே வந்து மாவு வேகும். அப்புறம் இறக்கிவைத்து, காலால் சட்டியைப் பிடித்துக்கொண்டு துடுப்பால் ஓரத்தில் தேய்த்துத் தேய்த்துக் கிளறணும். மாவைப் போட்டவுடனே கிளறினால்தான் கட்டி விழும். கட்டியின் உள்ளே பச்சை மாவு நிற்கும், வயிறு கெடும். ஈரக்கையில் ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது என்று அர்த்தம். தண்ணீர் தொட்ட கிண்ணத்தில் போட்டு உருட்டி, சூட்டோடு சாப்பிடணும்.


மலைக்கோடி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. பேடா ஆற்காட்டில், கத்திரிக்காய் முந்தின நாள் ராத்திரி, பிரியாணி வீட்டில் என்று முடிவாயிடுச்சு. தேக்சா பாய், இரண்டு சந்தேகம். மொட்டை மாடியில் விறகு வைக்க முடியாது, பெரிய காஸ் பர்னர்தான். அரிசிக்கும் கறிக்கும் ஒரே பர்னர் என்றால் எப்படி? ஒரு மணிக்குச் சாப்பாடு என்றால் எத்தனை மணிக்குத் தொடங்கணும்? ஏதாவது தப்பாகிவிட்டால் கடைசியில் சரி செய்ய வழி உண்டா?


தேக்சா எழுதியது:

ஒரே பர்னரில் செய்யாதீங்க அக்கா, வாடகைக்கு இன்னொன்று எடுத்துடுங்க. கறி இறக்கி அரிசி ஏற்றி மறுபடி கறி ஏற்றினால் மசாலா ஆறிவிடும். ஆறின மசாலாவில் சூடான அரிசி போட்டால் தம் ஏற அரை மணி கூடுதலாகும், அடி மட்டும் பிடிக்கும்.

ஒரு மணிக்குப் பரிமாற, 9 மணிக்கு மிளகாய் ஊறட்டும், வெங்காயம் தக்காளி நறுக்கி முடியட்டும். 10-க்கு அடுப்பு பற்றவைங்க. 10.45-க்குக் கறி விழணும். 11.15-க்கு இன்னொரு பர்னரில் அரிசித் தண்ணீர், 15 லிட்டர் கொதிக்க அரை மணிக்கு மேல் ஆகும். 11.30-க்கு அரிசி ஊறப் போடுங்க. 11.50-க்குள் கறி பதம் பார்த்து, குழம்பு அளவு பார்த்து, அரிசியைக் கொதியில் போடுங்க. 12-க்குத் தம். 12.20-க்கு அணைத்தால் 12.35 வரை மூடி. மீதி 25 நிமிஷம் கறி முற்றலாக இருந்தால் உதவும், எல்லாம் சரியாகப் போனாலும் மூடின தேக்சா அரை மணி சூடு தாங்கும்.

தப்பானால்: திறந்ததும் மேல் அரிசி விறைப்பாக இருந்தால் அரை டம்ளர் கொதிக்கிற வெந்நீரைக் கையால் தெளித்து மூடி, இன்னும் 7 நிமிஷம் சிறு தீ. குளிர்ந்த தண்ணீர் தெளித்தால் மேலே பிசுபிசுக்கும், நடு வேகாது. அடியில் குழம்பு நிற்கிறது என்றால் கிளறாமல் மூடியை எடுத்துவிட்டுப் பத்து நிமிஷம் கல்லின் மேலேயே விடுங்க. உப்புக் குறைந்தால் உப்பைத் தூவாதீங்க, சூடான நெய்யும் எலுமிச்சைச் சாறும் உப்பும் கலந்து ஓரமாகச் சுற்றி விடுங்க. உப்பு அதிகமானால் அரிசி சேர்த்தபிறகு வழியில்லை, பச்சடியில் உப்பைக் குறைத்துச் சமாளிக்கணும். அதனால்தான் அரிசித் தண்ணீரை வாயில் வைத்துப் பார்க்கச் சொல்றது. அடிப்பிடித்த வாசனை வந்தால் தேக்சாவைச் சுரண்டாமல் மேல் முக்கால் பங்கை வேறு பாத்திரத்துக்கு மாற்றிடுங்க.

எடுக்கும்போது நடுவில் கரண்டி விடக் கூடாது. ஒரு ஓரத்தில் தட்டைக் கரண்டியைச் செங்குத்தாக அடிவரை இறக்கி, அப்படியே தூக்கினால் கறியும் அரிசியும் சேர்ந்து வரும், மணி உடையாது. அந்த ஓரத்திலிருந்தே எடுத்துக்கொண்டு போங்க, மறு பக்கத்தைக் கடைசிவரை கலைக்காதீங்க.